வக்கீல் ஏமாற்றினால் யாரிடம் முறையிடுவது? கட்சிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாவட்ட நீதிமன்ற வளாகத்துச் சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். ஜீவனாம்சம், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எத்தனையோ காரியங்களுக்காக மக்கள் வருகிறார்கள். எல்லாவற்றையும் சத்தமாகவே கேட்பார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "எங்கள் வக்கீல் மீதே புகார் கொடுக்க முடியுமா, ஐயா?"

ஒரு நாள் ஓர் அம்மா கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருப்பி என் மேசை மேல் வைத்தார். பின்பக்கத்தில் மேலே ஒரு வழக்கு எண், அதன் கீழே வரிசையாகப் பதினோரு வாய்தாத் தேதிகள். குமாஸ்தாவின் கையெழுத்து. பிறந்த வீட்டுச் சொத்தில் பாகம் கேட்டு நான்கு வருடமாக நடக்கும் வழக்கு என்றார். ஒவ்வொரு தேதிக்கும் 'செலவுக்கு' என்று பணம் கொடுத்திருக்கிறார். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார்த்தேன். முன்பின் தெரியாத இருவரின் வாடகைத் தகராறு வந்தது. அந்த அம்மாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். எந்த வழக்கும் இல்லை. அதை அவரிடம் சொல்வதற்கு எனக்குச் சில நிமிடங்கள் ஆயின.

அவரைப் போன்றவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இவை இந்தியச் சட்டத்தின்படி, குறிப்பாக 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி அமைந்தவை.

வழக்கில் தோற்றுவிட்டேன். அதற்காக வக்கீல் மீது புகார் கொடுக்கலாமா?

தோற்றது மட்டுமே காரணம் என்றால் புகார் நிற்காது. இரண்டு பக்கமும் வக்கீல் இருக்கிறார்கள். ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். சாட்சியை இப்படிக் கேட்டிருக்கலாம், அந்தத் தீர்ப்பைக் காட்டியிருக்கலாம் என்பதெல்லாம் திறமை பற்றிய குறைகள். வெறும் கவனக்குறைவு தொழில் ஒழுங்கீனம் ஆகாது, அதோடு நாணயக் குறைவும் சேர்ந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லியிருக்கிறது. அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்களிடம் எதை மறைத்தார்? எதைப் பொய்யாகச் சொன்னார்? உங்களுக்குச் சேர வேண்டிய எதைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்? இந்த மூன்றில் ஒன்றுக்காவது தெளிவான பதில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அப்படியானால் எதெல்லாம் தவறு?

வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளில், கட்சிக்காரருக்கு வக்கீல் செய்ய வேண்டிய கடமைகள் தனியாகவே சொல்லப்பட்டுள்ளன. ஏற்ற வழக்கைத் தக்க காரணமும் போதிய அவகாசமும் இல்லாமல் கைவிடக் கூடாது. விலகினால், செய்யாத வேலைக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். எதிர்த்தரப்போடு உறவோ வழக்கில் சொந்த நலனோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்சிக்காரர் தன் மீது வைத்த நம்பிக்கையைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. தான் நடத்தும் வழக்கில் ஏலத்துக்கு வரும் சொத்தைத் தானே எடுக்கக் கூடாது. கட்சிக்காரருக்குக் கடன் கொடுக்கக் கூடாது. கையிலுள்ள அவர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளவும் கூடாது.

வழக்கே போடாமல் போட்டதாகச் சொல்வது இவற்றில் மிகக் கொடியது. இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பழைய வழக்கு உண்டு. சட்டம் படிப்பவர்கள் 'ரங்கதுரை வழக்கு' என்பார்கள். எழுபது வயதான, காது கேளாத ஒரு முதியவரும் அவர் மனைவியும் 15,000 ரூபாய்க்கு ஒன்று, 5,000 ரூபாய்க்கு ஒன்று என இரண்டு புரோநோட்டுகளைக் கொடுத்து வழக்குப் போடச் சொன்னார்கள். கோர்ட் கட்டணத்துக்கும் பணம் கொடுத்தார்கள். வழக்கு தாக்கலாகவில்லை. தாக்கலாகிவிட்டது என்றே அவர்களை நம்பவைத்தார் வக்கீல். வழக்குக் கட்டை இன்னொரு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன் என்பது அவருடைய வாதம். கட்சிக்காரரின் சம்மதம் இல்லாமல் அப்படிக் கைமாற்றுவதே முறையல்ல என்பது நீதிமன்றம் சொன்ன பதில்.

மாநில பார் கவுன்சில் அவரை ஆறு ஆண்டுகள் தொழிலிலிருந்து நிறுத்தியது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தண்டனையின் வடிவத்தையே மாற்றினார்: பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும், சட்ட உதவி வாரியத்தின் கீழ் ஏழைகளுக்குக் கட்டணம் இல்லாமல் பணி செய்ய வேண்டும் என்றார். நீதிபதி ஏ.பி. சென் அதை ஏற்கவில்லை. தண்டனையைக் குறைக்கக் காரணம் இல்லை என்று தனித் தீர்ப்பு எழுதினார். எனக்கு சென் எழுதியதே சரியென்று படுகிறது. புரோநோட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு தீரும் வரை 'வழக்கு நடக்கிறது' என்று ஒருவரை உட்கார வைப்பது அவர் பணத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம்.

நஷ்டஈட்டுத் தொகையை வக்கீலே வாங்கி வைத்துக்கொண்டார். என்ன செய்வது?

கட்சிக்காரரின் சார்பில் பணம் வந்தால் உடனே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தப் பணம் கட்டணம், எந்தப் பணம் செலவுக்கு என்று பிரித்துக் கணக்கு எழுத வேண்டும். கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆகவே முதல் வேலையாக, கணக்கு கேட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். கோபமான வார்த்தைகள் வேண்டாம். வந்த தொகை, தேதி, இதுவரை தந்தது, மீதி எங்கே என்று நான்கு வரி போதும். அதற்குப் பதில் வராமல் போவதும் பின்னால் உங்களுக்கு ஒரு சான்று.

உத்தரப் பிரதேசத்தில் ஓர் எழுத்தறிவில்லாத முதியவரின் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. இழப்பீடாக வந்த 8,118 ரூபாயை அவருடைய வக்கீல் 1987-இல் எடுத்துக்கொண்டார், கொடுக்கவில்லை. புகார் வந்ததும், சமரசமாகிவிட்டதாக அந்த முதியவர் பெயரிலேயே ஒரு பொய்ப் பிரமாணப் பத்திரம் வந்தது. இந்திய பார் கவுன்சில் மூன்று ஆண்டு நிறுத்திவைத்தது போதாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்தே நீக்கியது. மேல்முறையீடு செய்தவர் அந்த வக்கீல்தான். தண்டனை குறையும் என்று போனவருக்குக் கூடியது. தொகை சிறியது என்பது அங்கே எடுபடவில்லை.

கட்சிக்காரரின் பணத்தைக் கையாடுவது நம்பிக்கை மோசடிக் குற்றமும் ஆகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின் கீழ் போலீசிலும் புகார் தரலாம். ஒன்று நடப்பதால் மற்றொன்று தடைபடாது.

ஃபீஸ் பாக்கி இருப்பதால் கேஸ் கட்டைத் தர மாட்டேன் என்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா?

கிடையாது. இதைத்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். அசல் பத்திரம் உள்ளே மாட்டிக்கொண்டு தவிப்பவர்கள். 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்றின் சட்ட ஆலோசகர், தனக்கு 97,100 ரூபாய் வர வேண்டும் என்று சொல்லி, வங்கியின் வழக்குக் கட்டுகளைத் தர மறுத்தார். வழக்குக் கட்டு அடகுப் பொருள் அல்ல. கட்டண பாக்கி இருந்தால் அதை வசூலிக்க வேறு சட்ட வழி இருக்கிறது. கட்டைப் பிடித்து வைப்பது தொழில் ஒழுங்கீனம் என்று தீர்ப்பானது. சட்டம் அதுவரை தெளிவாக இல்லை என்பதால் அவரைக் கண்டனத்தோடு விட்டார்கள். இனி இப்படிச் செய்பவர்கள் இந்தச் சலுகையை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது என்றும் எழுதிவைத்தார்கள்.

கட்டணம் உண்மையிலேயே பாக்கி என்றால் கொடுத்துவிடுங்கள். உழைப்புக்குக் கூலி கேட்பது அவர் உரிமை. கட்டுக்கும் பாக்கிக்கும் முடிச்சுப் போடுவதுதான் தவறு.

வக்கீலை மாற்ற உங்களுக்கு முழு உரிமை உண்டு. பழையவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தராவிட்டால், நீதிமன்றத்தில் மனு கொடுத்து அனுமதி பெற்றுப் புதிய வக்காலத்து, அதாவது வக்கீலுக்கு நீங்கள் தரும் அதிகாரப் பத்திரம், தாக்கல் செய்யலாம்.

'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்று பேசி எழுதி வாங்கியிருக்கிறார். செல்லுமா?

செல்லாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் விதிகள் தடை செய்கின்றன. 1954-லேயே ஒரு மூத்த வழக்கறிஞர் இதற்காக உச்ச நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருக்கிறார். ஆனாலும் விபத்து வழக்குகளில் இது நடக்கிறது. கணவனை லாரியில் பறிகொடுத்துவிட்டு மருத்துவமனை வாசலில் நிற்கும் பெண்ணிடம், 'முதலில் எதுவும் வேண்டாம், வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நேரத்தில் அது உதவியாகத்தான் தெரியும். வெற்றுத்தாளிலும் தொகை எழுதாத காசோலையிலும் எவர் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். நஷ்டஈடு உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே வர வேண்டும். பாஸ்புத்தகமும் ஏடிஎம் கார்டும் உங்களிடமே இருக்க வேண்டும்.

என் வக்கீலே இப்போது எதிர்த்தரப்புக்காக ஆஜராகிறார்.

ஒரு வழக்கில் உங்களுக்கு ஆலோசனை சொன்னவர், மனு எழுதியவர், ஆஜரானவர், அதே வழக்கில் எதிராளிக்கு ஆஜராகக் கூடாது. அந்த நீதிமன்றத்திலேயே உடனே ஆட்சேபணை தெரிவியுங்கள். பார் கவுன்சில் புகார் பின்னால் வரட்டும். நீங்கள் சொன்ன ரகசியங்களைக் காக்கும் கடமை வழக்கு முடிந்த பிறகும் தொடர்கிறது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்த அது, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

என்னைக் கேட்காமலே சமரசம் செய்துவிட்டார்.

வக்காலத்தில் அச்சடித்த வரிகளுக்குள் 'சமரசம் செய்யும் அதிகாரம்' என்று இருக்கும். நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். ஆனாலும் கட்சிக்காரரின் உரிமையை விட்டுக்கொடுக்கும் எதற்கும் அவரிடம் குறிப்பாகக் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சமரசத் தீர்ப்பை எதிர்ப்பதானால் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்துக்கே முதலில் போக வேண்டியிருக்கும். தாமதிக்காமல் வேறொரு வக்கீலைப் பாருங்கள்.

புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

அந்த வக்கீல் எந்த மாநிலப் பட்டியலில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த மாநில பார் கவுன்சிலில். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் ஒரே பார் கவுன்சில்தான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. ஊரில் உள்ள வழக்கறிஞர் சங்கம் வேறு, பார் கவுன்சில் வேறு. சங்கத்தில் பேசிப் பார்க்கலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. நீதிபதியிடம் சொன்னாலும் அவர் வக்கீலின் உரிமத்தை ரத்து செய்ய முடியாது. அவமதிப்பு வழக்கில்கூட உச்ச நீதிமன்றமே அதை நேரடியாகச் செய்ய இயலாது, பார் கவுன்சிலின் வேலை அது என்று 1998-இல் தீர்ப்பாகியிருக்கிறது.

புகார் மனு வடிவில், கையெழுத்தோடும், இதில் சொன்னவை உண்மை என்ற உறுதிமொழியோடும் இருக்க வேண்டும். விதித்த கட்டணத்தையும் செலுத்த வேண்டும். தமிழிலேயே எழுதலாம், விதியே அதை அனுமதிக்கிறது. இதைச் சொன்னால் பலர் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதும்போது தேதி வரிசையில் எழுதுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட நாள், கொடுத்த தொகை, எந்த வழியில் கொடுத்தீர்கள், அவர் என்ன சொன்னார், உண்மை எப்போது எப்படித் தெரிந்தது. 'மோசடிப் பேர்வழி', 'ஊரையே ஏமாற்றுபவர்' போன்ற வசைகளை நீக்கிவிடுங்கள். நிரூபிக்க முடியாத ஒரு குற்றச்சாட்டு, நிரூபிக்கக்கூடிய நான்கையும் பலவீனமாக்கிவிடும். புகார் கொடுக்கச் சட்டத்தில் காலக்கெடு சொல்லப்படவில்லை; ஆனாலும் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள்.

எழுதத் தெரியாது, வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

கையில் ரசீது எதுவும் இல்லையே?

பெரும்பாலோருக்கு இருக்காது. ஆனால் தேடினால் ஏதாவது கிடைக்கும்: ஜிபே பதிவு, வங்கிக் கணக்கில் அன்றைக்கு எடுத்த பணம், வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு வாய்தா' என்று வந்த செய்தி, குமாஸ்தா எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு. எல்லாவற்றையும் விட வலுவானது நீதிமன்றப் பதிவேடுதான். வழக்கில் தரப்பினர் என்ற முறையில் நகல் மனு போட்டு, ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்பதன் சான்றிட்ட நகலை நீங்களே வாங்கலாம். வக்கீல் ஆஜராகாத நாட்கள் அதில் பதிவாகியிருக்கும்.

புகார் கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

பார் கவுன்சில் முதலில் வக்கீலின் விளக்கத்தைக் கேட்கலாம். புகாரில் முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். மூன்று பேர் கொண்ட குழு, மூவரும் வக்கீல்களே. 'வக்கீலுக்கு வக்கீல் விட்டுக்கொடுப்பாரா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெளியாள் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இப்போதைய சட்டத்தில் அதற்கு இடமில்லை. மேலே உச்ச நீதிமன்றம் வரை போகும் வழி மட்டும் இருக்கிறது.

சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. நீங்கள் நேரிலும் வாதாடலாம், வக்கீல் வைத்தும் வாதாடலாம். ஒருவரின் பிழைப்பே போகக்கூடிய விசாரணை என்பதால் திடமான சான்று எதிர்பார்ப்பார்கள்.

ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடியாவிட்டால் வழக்கு இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். நடைமுறையில் இழுபடுகிறது. இந்தக் கெடுவை மதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா பார் கவுன்சில்களுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. புகார் எண்ணைக் குறித்துவைத்து, ஓராண்டு முடிந்தால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் அந்தப் பிரிவை, 36பி-ஐ, எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதுங்கள்.

என்ன தண்டனை கிடைக்கும்?

கண்டனம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். தடைக்காலத்தில் இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராக முடியாது. முடிவு திருப்தி இல்லையென்றால் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து 60 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமை இரு தரப்புக்கும் உண்டு. புகாரைக் குழுவுக்கே அனுப்பாமல் தள்ளிவிட்டால், மறுபரிசீலனை கேட்டு இந்திய பார் கவுன்சிலை அணுகலாம்.

என் பணம் திரும்பக் கிடைக்குமா? நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பார் கவுன்சில் தண்டிக்கும் இடம். இழந்ததை மீட்டுத் தரும் இடமல்ல. சில வக்கீல்கள் விசாரணையின்போதே பணத்தைக் கொடுத்துவிடுவது உண்டு. அதை நம்பி இருக்க முடியாது.

நுகர்வோர் நீதிமன்றக் கதவு மூடிவிட்டது. கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் நடக்கும் தனிப்பட்ட சேவை இது என்பதால் வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பத்திரிகையின் பின்பக்கத்தில் வாய்தா எழுதி வாங்கிப் போன அந்த அம்மாவின் கட்டுப்பாட்டில் என்ன இருந்தது?

மீதி வழி சிவில் வழக்கு. வக்கீல் என்ற காரணத்தாலேயே கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து எவரும் தப்ப முடியாது என்று 1926-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னை மிரட்டும்படி கேள்வி கேட்டார். அவர் மீது புகார்?

தன் கட்சிக்காரருக்காக வாதாடுவது அவர் வேலை. பொய் ஆவணம் தயாரித்தார் என்பது போன்ற திடமான காரணம் இல்லாமல் போகாதீர்கள்.

பணத்தைக் கொடுத்து, புகாரை வாபஸ் வாங்கச் சொல்கிறார்.

உங்கள் பணத்தை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வாபஸ் வாங்கினீர்கள், சமரசமானீர்கள் என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை அவரிடம் சொல்லிவிட்டே வாங்குங்கள். பணம் வந்ததாக உண்மையான தொகையை எழுதிக் கொடுங்கள். 'புகாரே தவறு' என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

என் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது என்று இப்போதுதான் தெரிந்தது. முதலில் எதைச் செய்வது?

வழக்கைக் காப்பாற்றுங்கள், புகார் காத்திருக்கும். எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பு ஆஜராகாததால் வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் கெடு. தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும். எப்போது எப்படித் தெரிந்தது என்பதை நாள்வாரியாகச் சொல்லுங்கள். வக்கீல் செய்த தவறுக்கு ஒன்றும் அறியாத கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்கிலும் அது கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். வழக்கைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தேன் என்று காட்ட முடிந்தவர்களுக்குக் கைகொடுக்கும்.

பத்திரிகை கொண்டுவந்த அம்மாவுக்கும் இதே வரிசையில்தான் செய்தோம். சட்ட உதவி வக்கீல் ஒருவர் பாகப்பிரிவினை வழக்கை முதலில் தாக்கல் செய்தார், கெடு தாண்டியிருக்கவில்லை. வழக்கு எண் கிடைத்த அன்றே அதை அவர் மகளின் போனில் இ-கோர்ட்ஸ் செயலியில் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த வாய்தாத் தேதியை அவரே திரையில் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு பார் கவுன்சிலுக்கான மனுவை எழுத உட்கார்ந்தோம். முதல் இணைப்பாக அந்தக் கல்யாணப் பத்திரிகையின் இரு பக்க நகலையும் வைத்தோம்.